பத்து லட்சத்து ஒன்பது

சவுரியம்மாளை நல்லபாம்பு கடித்தபோது அவள் ஒரு எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அது 1943, புரட்டாசி மாதக் கடைசி. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். வயது முப்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. விடுமுறைக்கு விழுப்புரம் போய் அப்பாவோடு இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். அப்பா மாசிலாமணி விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சின்களுக்கு நிலக்கரி ஏற்றுகிறவர். மனைவி போன பிறகு ஒரே மகளைக் கூலி வேலைக்கு அனுப்பாமல் படிக்க வைத்தவர். அன்றைக்கு ரயிலெல்லாம் பட்டாளத்துக்காரர்கள். ஏற இடம் இல்லை. சண்டையால் பெட்ரோல் கிடைக்காத காலம்; அவரே மகளை, அடுப்பில் கரியை எரித்து ஓட்டுகிற கரிவாயு பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனார்.

சவுரியம்மாளுக்கு எண்கள் மேல் ஒரு பிரியம் இருந்தது. மற்றவர்களுக்குப் பூச்செடி மேல் இருப்பது மாதிரி. பத்து லட்சத்தைத் தாண்டியதும் வருகிற எண்களில் எவை பகா எண்கள் என்று பார்ப்பது அந்த வருஷத்து வேலை. பகா எண் என்பது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். ஏழு அப்படிப்பட்டது, பதின்மூன்று அப்படிப்பட்டது. சின்ன எண்களில் பார்த்த உடனே சொல்லிவிடலாம். பெரிய எண் முகத்தைக் காட்டாது.

பத்து லட்சத்து ஒன்று சீக்கிரமே நூற்றொன்றால் உடைந்துவிட்டது. பத்து லட்சத்து மூன்று உடையவே இல்லை. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம் என்பதால், ஆயிரத்துக்குள் இருக்கிற பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஒன்று விடாமல் வகுத்துப் பார்க்க ஒரு கோடை விடுமுறை ஆயிற்று. கடைசியில் அது பகா எண் என்று தெரிந்தபோது அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. சக டீச்சரிடம் சொன்னாள். அவள், "அதுனால என்ன?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டாள். பத்து லட்சத்து ஐந்து பார்த்த மாத்திரத்தில் போயிற்று. பத்து லட்சத்து ஏழு இருபத்தொன்பதில் விழுந்தது. இப்போது கையில் இருந்தது பத்து லட்சத்து ஒன்பது. ஆயிரத்தின் வர்க்கத்தோடு மூன்றின் வர்க்கத்தைக் கூட்டினால் வருகிற எண். அந்த அழகுக்காகவே அது உடையக் கூடாது என்று அவள் உள்ளுக்குள் ஆசைப்பட்டாள்.

கூட்டேரிப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. கரியடுப்பு அணைந்துபோயிற்று, திரும்பக் கிளப்ப நேரமாகும் என்றார் டிரைவர். ஜனங்கள் இறங்கி அங்கங்கே நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். சவுரியம்மாள் காகிதமும் பென்சிலுமாக ஒரு புளியமரத்தடிக்குப் போனாள். பக்கத்து மானாவாரிக் கொல்லையில் பெண்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சவுரியம்மாள் நூற்றுப் பதின்மூன்றுவரை வகுத்துப் பார்த்து முடித்திருந்தாள். உட்கார வசதியாக மரத்தடியில் கிடந்த கல்லை இழுத்தாள்.

கணுக்காலுக்கு மேல் முள் தைத்தது போல இருந்தது. பாம்பு படத்தை இறக்கிக்கொண்டு வேலிக்குள் போவதைக் கண்ணால் பார்த்தாள். கத்தவில்லை. "அக்கா" என்று கொல்லைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

முதலில் ஓடிவந்தவள் குப்பம்மாள். நாற்பது வயதிருக்கும். அந்தக் கொல்லை தேவநாதன் என்கிறவருடையது. குப்பம்மாளும் அவள் புருஷன் விருத்தாசலமும் அவரிடம் வேலை செய்கிறவர்கள். குப்பம்மாள் முந்தானையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். கட்டிக்கொண்டே திரும்பி, மல்லாட்டைக் கொடி பாதி ஏற்றியிருந்த வண்டியைப் பார்த்தாள்.

"கொடிய தள்ளிட்டு வண்டிய கட்டு" என்றாள் புருஷனிடம்.

விருத்தாசலம் தயங்கினான். "ஆண்டை மயிலம் கோயிலுக்குப் போயிருக்கிறாரு. கேக்காம எப்படி எடுக்கறது?"

"அவரு வர்ற வரைக்கும் இந்தம்மா இருக்கணுமே. ஜல்தி கட்டு."

அவன் கொடியைச் சாலையோரம் சரித்துவிட்டு மாட்டைப் பூட்டினான். திண்டிவனம் ஆஸ்பத்திரி ஐந்து மைல். வண்டியில் சவுரியம்மாளைப் படுக்கவைத்துத் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள் குப்பம்மாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பாம்பு கடித்தவர்களைத் தூங்கவிடக் கூடாது.

"டீச்சரம்மா, கண்ண மூடாதீங்க. எதுனா பேசிக்கினே வாங்க."

"என்னா பேசறதுக்கா?"

"உங்களுக்கு எது புடிக்குமோ அத."

"எனக்குக் கணக்குதான் புடிக்கும்."

"அப்ப அதையே சொல்லுங்க. எனக்குப் புரியறாப்பல சொல்லுங்க."

சவுரியம்மாளுக்குக் கால் எரிந்தது. வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் இடுப்புவரை ஏறியது. ஆனாலும் ஒரு டீச்சருக்கு, புரிகிற மாதிரி சொல் என்று யாராவது கேட்டுவிட்டால் சொல்லாமல் இருக்க முடியாது.

"பத்து லட்சத்து ஒம்பது மல்லாட்டை இருக்குதுன்னு வச்சிக்குங்க. அத நூத்தி இருபத்தேழு பேருக்குச் சமமா பங்கு போடறோம். மிச்சம் நிக்குமா, நிக்காதா? அதான் கணக்கு."

"அம்மாடி, அவ்ளோ மல்லாட்டை எந்த ஆண்டைகிட்ட இருக்குது?" என்றான் விருத்தாசலம் முன்னாலிருந்து, மாட்டைத் தட்டிக்கொண்டே.

"நீ ஓட்டு" என்றாள் குப்பம்மாள். "நின்னா என்னா, நிக்காட்டி என்னா டீச்சரம்மா?"

"எத்தினி பேருக்குப் பங்கு போட்டுப் பாத்தாலும் மிச்சம் நின்னுக்கினே இருந்தா, அது உடையாத எண்ணு. எங்கயாவது ஒரு எடத்துல மிச்சமே இல்லாம சரியாப் போயிட்டா உடைஞ்சிடுச்சின்னு அர்த்தம்."

"சரி. நூத்தி இருபத்தேழு பேருக்குப் போடுங்க. மிச்சம் எத்தினி?"

சவுரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வகுக்கப் பார்த்தாள். குப்பம்மாள் கன்னத்தில் தட்டினாள். கண்ணைத் திறந்துகொண்டே வகுத்தாள்.

"மிச்சம் பதினொண்ணு."

"நூத்தி இருபத்தேழு, மிச்சம் பதினொண்ணு" என்று குப்பம்மாள் திருப்பிச் சொன்னாள். "மேல?"

"நூத்தி முப்பத்தொண்ணு. மிச்சம்... எம்பத்தாறு."

"நடுவுல இருக்கிற ஆளுங்கள விட்டுட்டீங்களே?"

"அவங்க வேணாம். நூத்தி இருபத்தெட்ட ரெண்டால பங்கு போடலாம். நூத்தி இருபத்தொம்பத மூணால போடலாம். அந்த ரெண்டும் மூணும் முன்னாடியே பாத்தாச்சு. தானே உடையற ஆளுங்கள விட்டுடலாம்."

"சரி, மேல."

நூற்று முப்பத்தேழு, மிச்சம் நாற்பத்தாறு. நூற்று முப்பத்தொன்பது, மிச்சம் நாற்பத்து மூன்று. குப்பம்மாள் ஒவ்வொன்றையும் வாங்கித் திருப்பிச் சொன்னாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நூற்றுக்கு மேல் எண்ணவேண்டிய அவசியமும் அவளுக்கு அதிகம் வந்ததில்லை. அவளுக்கு அந்தப் பெண்ணின் குரல்தான் கணக்கு. அது வந்துகொண்டிருக்கிற வரை சரி. நின்றால் கன்னத்தில் தட்டி, "மிச்சம் எத்தினி?" என்பாள்.

விநோதமாக, சவுரியம்மாளுக்குப் பயம் குறைந்துகொண்டே வந்தது. இத்தனை வருஷத்தில் அவளுடைய எண்ணை இப்படி ஆவலாக விசாரித்தவர் ஒருவர் இல்லை. எதற்காக விசாரிக்கிறாள் என்பது தெரிந்திருந்தும் அது இனித்தது. சாகத்தான் போகிறோம் என்றால் இப்படி ஒரு மடியில், இப்படி ஒரு கணக்கோடு போவது மோசம் இல்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது அவள் வாய் மாறியது. இருநூற்றுப் பதினொன்று என்று சொல்ல வந்தது கொழகொழவென்று வந்தது. குப்பம்மாளுக்குத் திக்கென்றது. மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"ஏ புள்ள, சரியாச் சொல்லு. இருநூத்தி எத்தினி?"

"பதி...னொண்ணு. எம்பது."

"கண்ண மூடாத புள்ள. இன்னும் கொஞ்ச தூரம்தான். மேல சொல்லு."

இமைகள் தாமாகவே கீழே விழுந்தன. குப்பம்மாள் விரலால் அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். விருத்தாசலம் எழுந்து நின்றுகொண்டு ஓட்டினான். வாழ்நாளில் அந்த மாடுகளை அவன் அப்படி விரட்டியதில்லை. ஊருக்குள் நுழையும்போது சவுரியம்மாள் இருநூற்று நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தாள். "நூறு" என்றாள். அதுதான் அவள் சொன்ன கடைசி மிச்சம்.

ஆஸ்பத்திரியில் பாண்டுரங்கன் என்கிற டாக்டர் இருந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், கடிவாயைப் பார்த்தார்.

"பேச்சு எப்பக் குழற ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"இருநூத்தி பதினொண்ணுலங்க" என்றாள் குப்பம்மாள்.

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விருத்தாசலம் முன்னால் வந்து, "சவுக்குத் தோப்பு தாண்டினதும்ங்க" என்றான். "அதுக்கு முன்னால நல்லா பேசிக்கினு வந்தாங்க. தோப்புல இருந்து இங்க வர்றதுக்கு அரை மணி ஆகியிருக்கும்."

டாக்டர் மருந்து அலமாரியைத் திறந்தார். சண்டைக் காலத்தில் பாம்புக்கடி மருந்து அபூர்வம். உள்ளே இரண்டே குப்பிதான் இருந்தன. ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்திருப்பார். அரை மணியில் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் இரண்டையும் சேர்த்துப் போட்டார். ஒரு கம்பவுண்டரைக் கூடவே நிறுத்தி மூச்சைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் சவுரியம்மாள் கண்ணைத் திறந்தாள். விழுப்புரத்திலிருந்து வந்த மாசிலாமணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் கண் திறந்ததைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

"தூங்காம வச்சிருந்ததுனாலதான் பொழச்சீங்கன்னு நெனக்காதீங்கம்மா" என்றார் டாக்டர் அவளிடம். "அது சனங்க சொல்றது. மருந்தும், நேரத்தோட கொண்டுவந்ததும்தான் காப்பாத்துச்சு. ஆனா நாக்கு எப்பக் குழறிச்சின்னு அவங்க ரெண்டு பேரும் சொல்லாம இருந்திருந்தா நான் ஒரு குப்பிதான் போட்டிருப்பேன். அது போதாது." போகும்போது திரும்பி, "அதென்ன இருநூத்தி பதினொண்ணு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

காலில் சதை அழுகிவிட்டதால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கவேண்டியிருந்தது. உட்கார முடிந்ததும் சவுரியம்மாள் அப்பாவிடம் காகிதம் வாங்கிவரச் சொன்னாள். குழறின நாக்கோடு போட்ட கணக்கை நம்ப முடியாது என்று இருநூற்றுப் பதினொன்றிலிருந்து திரும்பப் போட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தது. இருநூற்று நாற்பத்தொன்றுக்கு மிச்சம் நூறுதான். அங்கிருந்து மெதுவாக மேலே போனாள்.

அடுத்த வாரம் குப்பம்மாளும் விருத்தாசலமும் பார்க்க வந்தார்கள். ஒரு துணியில் அவித்த மல்லாட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலருகே நின்று காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"டீச்சரம்மா, அந்த எண்ணு உடைஞ்சிச்சா இல்லியா?"

சவுரியம்மாள் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள். "உடைஞ்சிடுச்சிக்கா. இருநூத்தி தொண்ணூத்து மூணு பேருக்குப் போட்டா ஆளுக்கு மூவாயிரத்து நானூத்திப் பதிமூணு. ஒண்ணு மிச்சம் இல்ல."

"நாம எதுல நின்னோம்?"

"இருநூத்தி நாப்பத்தொண்ணு. இன்னும் ஒம்பது ஆளு போயிருந்தா வண்டியிலயே உடைஞ்சிருக்கும்."

"நீங்க உடையக் கூடாதுன்னுதான நெனச்சீங்க?"

"ஆமாம். மொதல்ல வருத்தமாத்தான் இருந்துச்சு."

குப்பம்மாள் துணி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "நல்ல எண்ணுதான் டீச்சரம்மா. சீக்கிரமே உடைஞ்சிருந்தா நான் மேல என்னாத்த கேட்டிருப்பேன்? நடுரோட்ல சொல்றதுக்கு ஒண்ணுமில்லாம நீங்க தூங்கிப்பூட்டிருப்பீங்க. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் தாங்கிச்சு பாருங்க."

சவுரியம்மாள் அப்படி நினைத்துப் பார்த்திருக்கவில்லை. இரண்டாலும் மூன்றாலும் ஏழாலும் உடைந்துபோகிற எண்கள்தான் உலகத்தில் அதிகம். பத்து லட்சத்துக்குப் பக்கத்தில் கையை விட்டு எதை எடுத்தாலும் அது பெரும்பாலும் பஸ்ஸிலேயே உடைந்திருக்கும். இது பகா எண் இல்லை. இருந்தும் இரண்டு பெரிய பகா எண்களை மட்டும் பெற்றோராகக் கொண்டு, சின்ன எண் எதற்கும் இடம் கொடுக்காமல் நின்றிருக்கிறது. பகா எண், பகு எண் என்று இரண்டே வகை தெரிந்த அவளுக்கு, பகு எண்ணிலும் இப்படி ஒரு உறுதியான வகை உண்டு என்பது அந்தக் கட்டிலில்தான் உறைத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. குப்பம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு நான் என்னாக்கா செய்யப்போறேன்?"

"ஒண்ணும் வேணாம். மல்லாட்டைய துன்னுங்க."

விருத்தாசலம்தான் வாய் தவறினான். "துன்னுங்கம்மா. இது கடைசி மல்லாட்டை. இனிமே அந்தக் கொல்லையில எங்களுக்கு ஏது?"

குப்பம்மாள் அவனை முறைத்தாள். சவுரியம்மாள் விடவில்லை. கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். வண்டி திண்டிவனத்தில் நின்றுகொண்டிருந்த சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரம் சரித்த கொடியெல்லாம் நனைந்து, மல்லாட்டை முளைவிட்டுவிட்டது. தேவநாதன் வந்து பார்த்திருக்கிறார். கேட்காமல் வண்டியை எடுத்ததும் இல்லாமல் வெள்ளாமையையும் பாழ் பண்ணினீர்கள், இனி என் கொல்லையில் கால் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

"அவரு மேலயும் தப்பு இல்ல" என்றாள் குப்பம்மாள். "வருசத்துக்கு ஒரு வெள்ளாமை. நாங்க வேற எடத்துல பாத்துக்கறோம். நீங்க பேஜாரு பண்ணிக்காதீங்க."

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சவுரியம்மாள் விழுப்புரம் போகும் பஸ்ஸில் அப்பாவோடு ஏறி, கூட்டேரிப்பட்டுக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். காலை ஊன்ற முடியாமல் அப்பா தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். தேவநாதன் களத்தில் இருந்தார். ஆட்கள் மல்லாட்டை உதறிக்கொண்டிருந்தார்கள். தேவநாதனுக்கு ஐம்பது வயது, கட்டுமஸ்தான உடம்பு. இவர்களைப் பார்த்ததும் யார் என்று புரிந்துவிட்டது. முகம் இறுகியது.

சவுரியம்மாள் கைகூப்பினாள். "ஐயா, உங்க வண்டியிலதான் என்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேங்க."

உதறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"நன்றிய எனக்குச் சொல்லாதீங்க டீச்சரம்மா" என்றார் தேவநாதன். "நான் வண்டியக் குடுக்கல. அவங்களா எடுத்துக்கினு போனாங்க. நான் இங்க இல்ல."

"தெரியுங்க. நீங்க இருந்து, இந்த மாதிரி ஒரு பொம்பளைய பாம்பு கடிச்சிடுச்சு, வண்டி வேணும்னு கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் காலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். பதில் சொல்ல நேரமாயிற்று. அந்த நேரத்தில் அவர் தன்னையே நேர்மையாகக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

"அப்ப நீங்க குடுத்த வண்டிதாங்க அது. உங்க வெள்ளாமை நனைஞ்சதும் எனக்காகத்தான் நனைஞ்சுது. அதுக்கு நான் எதையும் திருப்பித் தர முடியாது. ஆனா நான் இருக்கிற வரைக்கும் உங்களையும் நெனச்சிக்கினுதான் இருப்பேன்."

அவள் அதைச் சாதுரியமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு யோசித்தபோது அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் பட்டது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். தேவநாதன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் ஆள் ஒருவனைப் பார்த்து, "விருத்தாசலத்த நாளைக்குக் காலையில வரச் சொல்லு. கெழக்குக் கொல்லை அப்படியே கெடக்குது. அவன் பொண்டாட்டியையும்தான்" என்றார். பிறகு சவுரியம்மாளிடம், "வெயில்ல நிக்காதீங்க, கால் வீங்கும்" என்று சொல்லிவிட்டுக் களத்தின் மறுபக்கம் போய்விட்டார்.

குப்பம்மாளின் வீடு சேரியின் கடைசியில் இருந்தது. விஷயம் கேட்டதும் அவள் உள்ளே போய்க் கேப்பங்கூழ் கரைத்து இரண்டு சட்டியில் கொண்டுவந்தாள். விருத்தாசலம் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்தான். சவுரியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து கூழைக் குடித்தாள். பக்கத்தில் வந்து நின்ற பெண்களிடம் குப்பம்மாள் அந்த வண்டிப் பயணத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். நூற்று இருபத்தேழு, மிச்சம் பதினொன்று என்று வரிசையாக ஏழெட்டு வரை அவளுக்கு நினைவிருந்தது.

மாசிலாமணி மகளைக் கொண்டுவந்து சேர்த்தவர்களிடம் சொல்ல வேண்டியதை விழுப்புரத்திலிருந்தே மனதுக்குள் சேர்த்துவைத்திருந்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று சட்டியைக் கீழே வைத்தார். விருத்தாசலத்தின் இரண்டு கையையும் தன் கரி ஏறின கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். சேர்த்துவைத்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"கூழு நல்லா இருக்குது தம்பி" என்றார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாண்ணே?" என்று கேட்டாள் குப்பம்மாள்.

"ஊத்தும்மா" என்று சட்டியை நீட்டினார்.